நூலகத் தந்தை சீர்காழி இரா. அரங்கநாதன்

நம் துறையில் பயின்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மைக் காண வந்தார். பணி கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை. காரணம் வினவினோம். பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர் அவரை அழைத்து, நூலகச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டாராம். நூலகம் என்பது அறிவியல் ஆய்வகத்தின் ஓரத்தில் நின்ற இரண்டு இரும்பு பீரோக்கள். அவற்றை யார் கடைசியாகத் திறந்தார் என்பது பள்ளியில் எவருக்கும் தெரியவில்லை. வேறு எவரும் ஏற்க மறுத்த பொறுப்பு, புதிதாக வந்தவர் என்பதால் தம் தலையில் சுமத்தப்பட்டது என்றும், வகுப்பில் பாடம் நடத்த வந்த தமக்கு இஃது ஓர் இழுக்கு என்றும் அவர் வருந்தினார். மறுத்துவிடலாமா என்று நம்மிடம் கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, 1924ஆம் ஆண்டில் ஏறத்தாழ இதே மனநிலையில் இருந்த ஒரு கணித ஆசிரியரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினோம். அன்று வாய்மொழியாகச் சொன்னதையே இம்மலருக்காகச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

இளமையும் கல்வியும்

ஞானசம்பந்தர் பிறந்ததும், இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்ததும் ஆகிய சீர்காழியே அரங்கநாதன் பிறந்த ஊர். அந்நாளில் அது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இராமாமிருத ஐயர், சீதாலட்சுமி இணையர்க்கு அவர் பிறந்தார். தந்தையார் ஊர் மக்களுக்கு இராமாயணம் விரித்துரைக்கும் பழக்கம் உடையவர். அவர் இளவயதிலேயே மறைந்தபோது மகனுக்கு வயது ஆறு கூட நிறையவில்லை. பாட்டனார் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளை, உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து 1909இல் மெட்ரிகுலேசன் தேறினார்.

பேச்சில் திக்கும் குறை அவருக்கு இளமையிலேயே இருந்தது. பின்னாளில் உலக அரங்குகளில் மணிக்கணக்கில் உரையாற்றியவர் அக்குறையோடு போராடியே அந்நிலையை எய்தினார் என்பதை மேடைக்கு அஞ்சும் நம் மாணவர்கள் அறிந்து வைத்திருத்தல் நலம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் இளங்கலையும் 1916இல் முதுகலையும் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். ஆசிரியர், மாணவர் என்ற உறவு கல்லூரியோடு முடிந்துபோகாமல் இறுதிவரை நீடித்தது. பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பயிற்சி. 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். ஆசிரியர் சங்கப் பணியிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. சென்னை ஆசிரியர் கழகத்தில் கணித, அறிவியல் பிரிவின் செயலராக இருந்திருக்கிறார். சுருங்கக் கூறின், முப்பத்தோராம் வயதில் அவர் ஒரு நல்ல கணித ஆசிரியர்; நூலகம் பற்றிய எண்ணமே அவர் உள்ளத்தில் இல்லை.

விரும்பாத நாற்காலி

சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் நூலகர் பதவி ஒன்றைத் தோற்றுவித்து விண்ணப்பங்களை வரவேற்றது. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் ஒருவரும் இலர். அத்தகைய பயிற்சி அந்நாளில் இந்நாட்டில் அரிதினும் அரிது. நண்பர்களின் வற்புறுத்தலாலும், கல்லூரி ஊதியத்தைக் காட்டிலும் இப்பதவிக்கு ஊதியம் மிகுதி என்பதாலும் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துச் சென்றதே அவருடைய முன்னேற்பாடு என்பர். பதவி அவருக்கே கிடைத்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார்.

ஏற்ற சில நாள்களிலேயே மனம் கசந்தது. வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவர்க்கு ஆளரவமற்ற நூலகம் தனிமைச் சிறையாகத் தோன்றியது. வருவார் இல்லை, கேட்பார் இல்லை. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுவதாகப் பல்கலைக்கழகத்தாரிடம் முறையிட்டார். அவர்கள் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். முன்பே திட்டமிட்டவாறு இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக; திரும்பிய பின்னும் இதே எண்ணம் இருக்குமாயின் கல்லூரிக்கே போகலாம் என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் நம் மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூலகத் தந்தை என்று நாடு போற்றும் ஒருவர் நூலகத்தை விட்டு ஓட முயன்றவர் என்பது அவர் கேள்விப்படாத செய்தி. பெரியோர் வரலாறுகளை எழுதுவோர் பெரும்பாலும் இத்தகைய பகுதிகளைத் தொடாமல் கடந்துவிடுவர். நாமோ இதுவே அவ்வரலாற்றின் தலைவாயில் என்று கருதுகின்றோம்.

1924இல் இலண்டன் சென்றவர் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே குராய்டன் நகர நூலகரான பெர்விக் சேயர்சு அவருக்கு வழிகாட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்க்கும் வாய்ப்பும் கிட்டியது. பாடப்புத்தகம் கற்பித்ததைக் காட்டிலும் இப்பயணங்கள் கற்பித்தவை மிகுதி. தொழிலாளி, வீட்டுப் பெண், பள்ளிச் சிறுவன் என்று யாவரும் தயங்காமல் உள்ளே வந்து, அடுக்கில் தாமே கைவைத்து, வேண்டிய நூலை எடுத்துச் செல்வதை அவர் கண்டார். சென்னையில் தாம் விட்டுவந்த ஆளற்ற கூடத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூலகத்துக்கு ஆள் வராமைக்குக் காரணம் மக்கள் அல்லர், நூலகமே என்ற தெளிவு அப்போது பிறந்தது.

நூல்களைப் பகுத்து அடுக்கும் முறை பற்றியும் அவருக்கு ஐயம் எழுந்தது. அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876இல் வகுத்த பதின்மப் பகுப்பு முறையே அங்குப் பரவலாக வழங்கியது. அறிவுத்துறைகளை முன்கூட்டியே கட்டம் கட்டி வைத்துவிட்டால், நாளை புதிதாகத் தோன்றும் ஒரு பொருளை எந்தக் கட்டத்தில் வைப்பது? இலண்டனில் ஒரு பெரிய அங்காடியில், துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு பல உருவங்கள் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் இயக்கிக் காட்டக் கண்டபோது விடை தோன்றிற்று. அதே பட்டைகள் ஒருகால் வண்டியாயின, ஒருகால் பாலமாயின. அவ்வாறே ஒரு நூலின் பொருளையும் சிறு கூறுகளாகப் பிரித்துப் பின் இணைத்துக் குறியிடலாகாதா? எடுத்துக்காட்டாக, தஞ்சைப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கும் நோயைத் தடுத்தல் பற்றி ஒரு நூல் உண்டெனில், பயிர், நோய், தடுப்பு, இடம் ஆகிய கூறுகளுக்குத் தனித்தனிக் குறி இருக்கும். அவற்றைச் சேர்த்து எழுதிவிட்டால் அந்நூலுக்குரிய எண் தானே உருவாகும். இணைப்புக்கு முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால் இதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. 1925இல் கப்பலில் தாயகம் திரும்பும் வழியிலேயே இதனை உருவாக்கத் தொடங்கிவிட்டார். நூலாக வெளிவந்தது 1933இல்.

கல்லூரிக்குத் திரும்பும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

இருபது ஆண்டுத் தவம்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது, அடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்டது. நூல் களவு போகும் என்று அஞ்சியோர் இருந்தனர். பூட்டி வைத்த நூல் களவு போகாமல் இருக்கலாம். ஆயின் அஃது இருந்தும் இல்லாததே. திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். நூல் தேடி வருவோர்க்கு உடனிருந்து உதவுவதற்கெனவே பணியாளர்களை நிறுத்தினார். இந்த நோக்குதவிப் பணியை அவர் நூலகத்தின் உயிர்நாடியாகக் கருதினார். 1936இல் கடற்கரைச் சாலையில் நூலகத்துக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது.

நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுப்பே இன்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் துணைவியார் உருக்மணி அம்மையார் விபத்தொன்றில் மறைந்தார். அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தபோது, மணம் முடிந்த பிற்பகலே நூலகத்துக்குத் திரும்பிவிட்டாராம். இச்செய்தியைப் பலரும் வியந்து போற்றுவர். நாம் அவ்வளவு வியக்கவில்லை. அவ்வம்மையார் பக்கம் நின்று எண்ணிப் பார்க்கவும் ஒருவர் வேண்டுமன்றோ!

உருக்மணி அம்மையார் மறைந்த அதே 1928இல்தான் அவருடைய பெயரை உலகறியச் செய்த சிந்தனையும் முழுமை பெற்றது. நூலகத்தில் தாம் செய்யும் பல்வேறு செயல்களுக்கும் அடிப்படையான கொள்கை யாது என்று அவர் நெடுங்காலம் தேடிக்கொண்டிருந்தார். கணித மாணவர் அல்லரோ! ஒரு சில அடிக்கோள்களிலிருந்து யாவும் பெறப்பட வேண்டும் என்பது அவர் வேட்கை. ஒரு மாலை வேளையில் பழைய ஆசிரியர் ராஸ் வந்திருந்தபோது தம் திகைப்பை எடுத்துரைத்தார். நூல் இருப்பது பயன்படுவதற்கே என்னும் பொருள்பட, முதல் விதிக்கான குறிப்பை எளிய முறையில் ராஸ் தந்தார். அடுத்த நான்கும் அதிலிருந்து கிளைத்தன. படிக்கும் எவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரியவரை அடைந்தாக வேண்டும். படிப்போர் நேரம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள ஒன்று, அது வளரும். இவ்வளவே. அந்த ஆண்டு இறுதியில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாடொன்றில் இவற்றை அவர் எடுத்துரைத்தார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் நூலாக வெளியிட்டது.

இவற்றைப் படித்தவுடன் இதில் என்ன புதுமை என்று தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. பிறகு நாம் பயின்ற பள்ளியின் நூலகத்தை நினைத்துப் பார்த்தோம். அங்கே நூல் இருந்தது தணிக்கையின்போது கணக்குக் காட்டுவதற்காக. மாணவர்க்குரிய நூல் எதுவென்று கேட்டவர் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முதுகெழுத்துகளை மட்டும் படித்துவிட்டுச் செல்வோம். ஐந்து விதிகளும் ஒரே பீரோவில் மீறப்பட்டிருந்தன.

அமைப்பாளர்

தனியொரு நூலகத்தைச் சீர்செய்வதோடு அவர் நின்றிருந்தால் ஒரு திறமையான அலுவலராக மட்டுமே நினைக்கப்படுவார். 1928 சனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது; அதன் செயலராக அவர் பல்லாண்டுகள் உழைத்தார். 1929இல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைச் சங்கத்தின் சார்பில் தொடங்கினார். சில ஆண்டுகளில் பல்கலைக்கழகமே அப்பயிற்சியை ஏற்று நடத்தியது. தஞ்சைத் தரணியில் மன்னார்குடியைச் சேர்ந்த பொறியாளர் கனகசபைப் பிள்ளை 1931இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்ற நடமாடும் நூலகம் இவ்வியக்கத்தின் சூட்டில் விளைந்ததே. இரட்டை மாடு பூட்டிய வண்டி ஊர் எல்லைக்குள் நுழைய, மக்கள் நூலுக்காகக் கூடிய காட்சியை எண்ணிப் பார்க்கவே இனிக்கிறது.

நூலகம் நிலைபெற நன்கொடை போதாது, சட்டம் வேண்டும் என்பது அவர் துணிபு. 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவொன்றை முன்வைத்தார். அவ்வழியில் 1930களில் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதாவைக் கொண்டுவந்த பெருமகன் ஜனாப் பஷீர் அகமது சயீத் அவர்கள் என்பதை நம் சமுதாயப் பெரியோர்களும் மாணவர்களும் அறிதல் வேண்டும். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கி, தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் வழியே சென்னையில் மகளிர் கல்லூரி கண்ட அதே பெருந்தகைதான். அம்மசோதா அப்போது நிறைவேறவில்லை. எனினும் விதை வீண்போகவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டம் கண்டது சென்னையே முதலாவது. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்பெறும் நூலக வரியும், மாவட்ட நூலக ஆணைக் குழுக்களும் அச்சட்டத்தின் பேறுகள்.

இந்திய நூலகச் சங்கம் 1933இல் கல்கத்தாவில் தோன்றியபோது அதன் செயலராக அமைந்தவர் அங்குள்ள இம்பீரியல் நூலகத்தின் நூலகர் கான் பகதூர் அசதுல்லா. வடக்கே அவரும் தெற்கே அரங்கநாதனுமாக நூலகப் பயிற்சிக்கு வித்திட்டனர். அசதுல்லாவின் பணி தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டிய ஒன்று. நம் ஆய்வு மாணவர் எவரேனும் அதை மேற்கொள்ளின் மகிழ்வோம்.

பள்ளி நூலகம்

மேற்சொன்ன பெருஞ்செயல்களுக்கிடையே அவர் பள்ளியை மறந்தாரில்லை. 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்கள் குறித்துத் தனி நூலே எழுதினார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் ஆதலின் அவர் நூலகரை ஆசிரியர்க்கு அடுத்த படியில் வைக்கவில்லை. உடன் கற்பிப்பவராகவே வைத்தார். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பின் நாற்பது வேகங்கள் இருக்கும். ஒரு பாடநூல் அத்தனை வேகத்துக்கும் ஈடுகொடாது. அங்கே துணை நிற்பது நூலகம். ஆகவே கால அட்டவணையில் நூலக நேரம் இருத்தல் வேண்டும். பிள்ளை தானே தேடிக் கண்டடையப் பழக வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த நூல் என்று அறிந்து சேர்த்து வைப்பவர் வேண்டும். அவரே பள்ளி நூலகர்.

அப்பணிக்குத் தலைமைப் பண்பு வேண்டுமா என்று சிலர் ஐயுறுவர். ஆளும் படையும் அதிகாரமும் உடையவனே தலைவன் என்று எண்ணுவதால் வரும் ஐயம் இது. பள்ளி நூலகருக்குக் கீழே பணியாள் எவரும் இரார். தலைமையாசிரியரிடம் நூலக நேரம் கேட்டுப் பெற வேண்டும். உடனுள்ள ஆசிரியர்கள் மாணவரை நூலகத்துக்கு அனுப்புமாறு அவர்கள் மனத்தை இசைவிக்க வேண்டும். ஊரில் பொருளுடையாரிடம் நூல் கேட்க வேண்டும். ஆணையிட முடியாத இடத்தில் இருந்துகொண்டு பிறரை இயக்க வேண்டும். அரங்கநாதனும் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அவ்வாறே தொடங்கினார். அவர் கையில் இருந்தவை படிப்போர்பால் வைத்த பரிவும், தொழிலை அடிமுதல் கற்ற அறிவும், விடாது கேட்கும் துணிவுமே.

குறையும் உண்டு. தாம் உழைத்த அளவுக்குப் பிறரும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர் அவர். பணியைப் பகிர்ந்தளித்துவிட்டு அமைதியாக இருத்தல் அவருக்கு எளிதாக இல்லை. 1940களில் புதிதாக வந்த துணைவேந்தரோடு கருத்து வேறுபாடு முற்றி, தாம் உருவாக்கிய நூலகத்தை விட்டே வெளியேறினார். மனம் சோர்ந்திருந்த அந்நாளில் இராதாகிருட்டிணன் அழைப்பின்பேரில் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்த குறுகிய காலத்தில் நூறாயிரம் நூல்கள் வரை தாம் ஒருவராகவே பகுத்துப் பட்டியலிட்டார் என்பர். உழைப்பின் சிகரம் இது, ஐயமில்லை. ஆனால் ஓர் இளைஞர் குழுவைப் பழக்கி அதைச் செய்வித்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்குமே என்று எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை. பள்ளி நூலகர்களும் இக்குறைக்கு எளிதில் ஆளாவர். அவர்கள் அட்டை போடவும் முத்திரை குத்தவும் மாணவர் சிலரைச் சேர்த்துக்கொள்ளாமல், தாமே தூசியில் மூழ்கிக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

1947இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. நூலக அறிவியலில் முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகள் அங்கே வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது. பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்தார். 1957இல் பத்மசிறீ விருது வந்தது. பெங்களூரில் குடியேறி, 1962இல் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார்.

எல்லாவற்றினும் நம் நெஞ்சில் நிற்பது 1956ஆம் ஆண்டுச் செய்தி. வாழ்நாள் சேமிப்பாகிய ஓர் இலட்சம் உரூபாயை, நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கும்பொருட்டு அவர் வழங்கினார். அக்காலத்து இலட்சத்தின் மதிப்பை மூத்தோர் அறிவர். வழங்கியது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு? மனக்கசப்போடு வெளியேறிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு. அவ்விருக்கைக்குச் சூட்டப்பெற்ற பெயர் சாரதா அரங்கநாதன் என்பது. மணநாளின் பிற்பகலுக்கு அது சிறிதேனும் ஈடாகியிருக்கக்கூடும்.

1972 செப்டம்பர் 27ஆம் நாள், எண்பது வயது நிறைந்த நிலையில், பெங்களூரில் அவர் மறைந்தார். பள்ளி நூலகம் குறித்து அவர் எழுதிய மற்றொரு நூல், அவர் மறைந்த பின்னர் 1973இல் அச்சேறியது. ஆகஸ்டு 12ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவருடைய பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்கள் இந்நாட்டிலேயே குறைவு. பெரும்பாலான கல்லூரிகளில் டியூயி முறையே வழங்குகிறது. ஆயினும் அவருடைய ஐந்து விதிகளைப் படிக்காமல் நூலகப் பட்டம் பெறுவோர் உலகில் அரியர்.

இவ்வளவையும் கேட்டு முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. நம் மாணவர் சாவியை ஏற்பதாகவோ மறுப்பதாகவோ ஒன்றும் கூறாமல் விடைபெற்றுச் சென்றார். மூன்று மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பீரோவைத் திறந்தபோது நூல்களில் பாதிக்கு மேல் கரையான் அரித்திருந்ததாம். எஞ்சியவற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு வராந்தாவில் வெயிலில் பரப்பினாராம். உலர்த்த வந்த பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டதால், மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை என்று தலைமையாசிரியர் தம்மைக் கடிந்துகொண்டதாக எழுதியிருந்தார்.